இந்தச் சிலையில் நிற்பது நம் நாயகன்தானா? காமிக்ஸ் சூப்பர் ஹீரோ சிலைகளை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த வாரம்தான் நான் ஒரு ஸ்பைடர்மேன் சிலை வாங்கியிருந்தேன். பெருமையோடு சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினேன். மாமா கோயில்களில் சுதைச் சிற்பங்களைப் பழுதுபார்த்து வண்ணம் தீட்டுபவர். கும்பாபிஷேகம் நெருங்கினால் மாதக்கணக்கில் சாரத்தின் மேலேயே இருப்பார். காமிக்ஸ் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: "இது எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது?"

"ஸ்பைடர்மேனைப் பார்த்துத்தான் மாமா."

"பிள்ளையார் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையார் என்று நான் கேட்கமாட்டேனா? பால கணபதியா, நிருத்த கணபதியா? உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தியான சுலோகம் ஒவ்வொருவருக்கும் தனி. அது தெரியாமல் சரி, தப்பு என்று எதை வைத்துச் சொல்வாய்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று தொடங்கி, ஒரு சிலை காமிக்ஸ் நாயகனை எவ்வளவு உண்மையாகப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரு வரிசையை உண்டாக்கிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முகத்தைக் கடைசிக்குத் தள்ளியிருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே வரும்போது சொல்கிறேன்.

முதற்படி: எந்தக் காலத்து நாயகன், யார் வரைந்தவன்?

சூப்பர்மேன் 1938 இல் பிறந்தவன், பேட்மேன் 1939 இல். ஸ்பைடர்மேன் வந்தது 1962 இல். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ஓவியர்கள் அவர்களை வரைந்துவிட்டார்கள். ஆகவே "சூப்பர்மேன் மாதிரி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. "இன்னார், இன்ன ஆண்டில் வரைந்த சூப்பர்மேன் மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஸ்பைடர்மேனையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் ஸ்பைடர்மேன் ஒல்லிப் பையன். மூட்டுகள் துருத்தும், விரல்கள் நீளும், அக்குளுக்கடியில் வலை தொங்கும். பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். 1966 இல் ஜான் ரொமிட்டா பொறுப்பேற்றதும் உடம்பு திரண்டது, தோள் அகன்றது, அவன் ஒரு கம்பீரமான இளைஞன் ஆனான். 1988 இல் டாட் மெக்ஃபார்லேன் வந்து கண்களை முகமூடியில் பாதி அளவுக்குப் பெரிதாக்கினார். கைகால்களை முறுக்கி, உடம்பை உண்மையான சிலந்தியைப் போல மடக்கினார். வலையை நேர்க்கோடாக விடாமல் முறுக்கிய கயிறாக வரைந்தார். மூவருடையதும் ஸ்பைடர்மேன்தான். ஆனால் ஒருவருடைய உடம்பில் இன்னொருவருடைய கண்களை வைத்தால் அது யாருடையதும் அல்ல.

சிலையே தன் காலத்தைச் சொல்லும் அடையாளங்களைத் தேடுங்கள். பேட்மேனின் மார்பில் வௌவாலைச் சுற்றி மஞ்சள் முட்டைவட்டம் இருந்தால் அது 1964க்குப் பிந்திய உருவம். சூப்பர்மேனுக்குச் சிவப்பு ஜட்டி இல்லையென்றால் 2011க்கும் 2018க்கும் இடைப்பட்ட காமிக்ஸ் உடையாக இருக்கலாம். ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை 1984 இல் வந்தது. அதில் புறங்கை இரண்டிலும் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். பெட்டியில் ஓவியரின் பெயர் அச்சிட்டிருந்தால் வேலை எளிது. பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம், பேட்மேன் சிலைகளைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில் மட்டும் ஒரு வரிசையாக வெளியிட்டது. அதில் ஒவ்வொரு சிலையும் ஓர் ஓவியரின் கோட்டைப் பின்பற்றியது. வண்ணம் கண்ணை ஏமாற்றாததால், கண்ணைப் பழக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. வாங்க வேண்டாம், படங்களைப் பார்த்தாலே போதும்.

இரண்டாம் படி: மூலத்தைக் கையில் எடுங்கள்

நினைவை நம்பாதீர்கள். நம் நினைவில் காமிக்ஸ், திரைப்படம், கார்ட்டூன், சின்ன வயதில் போட்ட பனியன் எல்லாம் கலந்து கிடக்கும். அந்த ஓவியரின் அட்டைப்படம் ஒன்று, நாயகன் நிற்கும் கட்டம் ஒன்று, பின்புறம் தெரியும் கட்டம் ஒன்று, முகத்தின் அண்மைக் காட்சி ஒன்று என்று குறைந்தது நான்கு படங்கள் வேண்டும். பின்புறத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிலை செய்பவரும் அங்கேதான் சறுக்குவார்.

ஓர் எச்சரிக்கை. மறுபதிப்புகளில் பழைய கதைகளைக் கணினியில் புதிதாக வண்ணம் தீட்டி, நிழல் போட்டு வெளியிடுவதுண்டு. கோடு பழையது, வண்ணம் இன்றையது. வண்ணத்தை ஒப்பிட முதற்பதிப்பின் பக்கமே வேண்டும், ஒளிப்பிரதியாக இருந்தாலும் சரி.

மூன்றாம் படி: சிலையைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள்

இது சிறிய வேலைதான். ஆனால் இதில் தவறினால் பிறகு வரும் எல்லாமே தவறும். கைபேசியைச் சிலைக்கு அருகில் கொண்டுபோய்ப் படமெடுத்தால் முன்னால் நீட்டிய கை பூசணிக்காய் அளவுக்குத் தெரியும், கால் சூம்பிப் போகும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, உருவத்தைப் பெரிதாக்கி எடுங்கள்.

எந்த உயரத்திலிருந்து பார்ப்பது என்பதும் முக்கியம். கோயில் விமானத்தின் மேல் நிலையில் வைக்கும் உருவத்துக்குத் தலையைச் சற்றுப் பெரிதாகவே செய்வோம் என்பார் மாமா. கீழே நின்று பார்ப்பவருக்கு அதுதான் அளவாகத் தெரியும். இந்தச் சிலைகளிலும் சிற்பி மனத்தில் வைத்த ஒரு கண் உயரம் உண்டு. சுவரேறி மேலே நிற்கும் உருவத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டடத்தின் விளிம்பில் குந்தியிருக்கும் பேட்மேனை மேலிருந்து பார்த்துக் குறை சொல்வது நியாயமாகாது. சிலையைச் சுற்றி வந்து, எந்தக் கோணத்தில் அது மூலப்படத்தோடு மிகவும் ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நூல் பிடித்து அளவெடுங்கள்

மாமா அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். நெற்றியில் தலைமுடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை பிடித்து முடிச்சுப் போட்டார். சிற்ப சாத்திரத்தில் அந்த முகநீளம்தான் ஒரு தாலம். ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்த உருவத்தின் உடம்பிலிருந்தே பிறப்பது. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும்.

காமிக்ஸ் ஓவியர்களும் இதையேதான் செய்கிறார்கள், ஆனால் அவர்களுடைய அளவு முகம் அல்ல, முழுத்தலை: உச்சி முதல் மோவாய் வரை. சாதாரண மனிதன் ஏழரைத் தலை உயரம். நாயகன் எட்டு, எட்டரை, சில ஓவியர்களிடம் ஒன்பதை நெருங்குவான். தலை சிறுத்தால் உடம்பு மலைபோல் தெரியும். அதில்தான் அவர்களுடைய வித்தை இருக்கிறது. எட்டுத் தலைக் கணக்கில் மார்புக் காம்பு இரண்டாவது தலையிலும், தொப்புள் மூன்றாவதிலும், தொடை பிரியும் இடம் நான்காவதிலும், முழங்கால் ஆறாவதிலும் வரும். தோளின் அகலம் மூன்று தலையை நெருங்கும்.

சிலை குனிந்தோ தாவியோ இருந்தால் மொத்த உயரம் உதவாது. அப்போது நூலைத் துண்டு துண்டாகப் பிடியுங்கள்: தொடை இரண்டு தலை, முழங்காலிலிருந்து பாதம் வரை இரண்டு தலை. இதே எண்ணிக்கையை மூலப்படத்திலும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். படத்தில் எட்டரையாக இருந்து சிலையில் ஏழரையாக வந்தால், அந்த நாயகனை யாரோ ஒரு சாதாரண மனிதனாக்கிவிட்டார்கள்.

சிறிய தலை எல்லோருக்கும் பொருந்தாது. வுல்வரின் காமிக்ஸில் ஐந்தடி மூன்று அங்குலம்தான், ஏறக்குறைய 160 சென்டிமீட்டர். குள்ளமாக, அகலமாக, கழுத்தே இல்லாமல் இருக்க வேண்டியவன். நான்கில் ஒரு பங்கு அளவில் நிமிர்ந்து நின்றால் 40 சென்டிமீட்டர் வருவான். அதே அளவில் ஆறடி மூன்று அங்குலச் சூப்பர்மேன் 48 வருவான். திரையில் அவனாக நடித்தவர் ஆறடிக்கு மேல் என்பதால், இன்று பல சிலைகளில் வுல்வரினுக்குக் கால் நீண்டுவிட்டது. எனக்கு இது பெரிய குறை. அந்தக் குள்ள உடம்புக்குள் அடைபட்ட மூர்க்கம்தான் அவன். காலை நீட்டினால் அது போய்விடுகிறது. இன்னொன்று: பெட்டியில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் பீடத்தையும் சேர்த்துத்தான்.

ஐந்தாம் படி: நிலை

நம் சிற்பிகள் நிற்கும் நிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வளைவில்லாமல் நேராக நிற்பது சமபங்கம். இலேசாக ஒரு பக்கம் ஒசிந்தால் ஆபங்கம், மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம், உடம்பே முறுக்கிக்கொண்டால் அதிபங்கம். இந்த நான்கு சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு காமிக்ஸைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இடுப்பில் கையூன்றி நிற்கும் பழைய சூப்பர்மேன் சமபங்கம். எந்தக் காற்றும் அவனை அசைக்காது. மெக்ஃபார்லேனின் ஸ்பைடர்மேன் அதிபங்கம். சூப்பர்மேனை இடுப்பு ஒசித்து நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவன் யாரோ.

ஒரு நூலில் சிறு எடையைக் கட்டித் தொண்டைக்குழிக்கு நேராகத் தொங்கவிடுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் உருவமென்றால் நூல் அந்தப் பாதத்தின் மேல் விழ வேண்டும். விழவில்லையென்றால் உருவம் ஓடுவதாகவோ, தாவுவதாகவோ, விழுவதாகவோ இருக்க வேண்டும். அமைதியாக நின்றுகொண்டே நூல் வெளியே விழுந்தால் சிற்பி எடையைப் பற்றி யோசிக்கவில்லை. ஹல்க் சிலைகளில் இந்தக் குறை கண்ணை உறுத்தும். அத்தனை சதையும் தரையை அழுத்த வேண்டாமா?

ஆறாம் படி: நிழல்

இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சிலைக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து வெறும் வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். மின்வெட்டுக் காலத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி முன்னால் இருந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தேன். பேட்மேனுக்கு இந்தச் சோதனை போல வேறொன்று கிடையாது. காதின் நீளம், முதுகுப் போர்வையின் விரிவு, தோளின் கனம் மூன்றும் சேர்ந்து ஓவியரின் பெயரைச் சொல்லிவிடும். 1986 இல் ஃபிராங்க் மில்லர் வரைந்த முதிய பேட்மேனின் நிழல் ஒரு பாறை, காது குட்டை. கெல்லி ஜோன்ஸின் பேட்மேனுக்குக் காது கொம்பாக நீளும்.

முதுகுப் போர்வை துணியால் ஆனதா, வார்த்ததா என்பதையும் இங்கேயே பாருங்கள். துணிப் போர்வையை விரும்புவோர் பலர். காமிக்ஸுக்கு உண்மையாக இருப்பது வார்த்த போர்வைதான் என்பது என் உறுதியான எண்ணம். காமிக்ஸ் போர்வை துணியின் விதிக்குக் கட்டுப்படாது, ஓவியர் நினைத்தபடி சுழலும். உண்மைத் துணி தொங்கத்தான் தெரிந்தது.

ஏழாம் படி: அடையாளத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு முதல் கப்பல் டர்பனுக்கு வந்த பிறகு, கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் எழுப்பிய சிறு கோயில்களில் உருவங்கள் தஞ்சாவூர் வெண்கலம்போல் இருக்கவில்லை. கிடைத்த மண்ணிலும் சுண்ணாம்பிலும், கண்ணில் நின்ற நினைவை வைத்துச் செய்தார்கள். ஆனாலும் வேலையும் மயிலையும் கண்டதும் யாரும் "முருகா" என்று கைகூப்பினார்கள். பக்திக்கு அது போதும். சிலையை மதிப்பிடப் போதாது. மார்பில் எஸ் எழுத்து இருந்தால் யாரும் சூப்பர்மேன் என்று சொல்வார்கள். அது அறிதல்தான், ஒப்புமை ஆகாது. ஆகவே மார்புச் சின்னத்தை ஒரு காகிதத்தால் மூடுங்கள். அப்போதும் அவன் அவனாகவே தெரிகிறானா? தெரிந்தால் சிற்பி ஜெயித்தார்.

பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு விவரங்களுக்குப் போங்கள். கைவிரல்கள் முதலில். ஸ்பைடர்மேன் வலை விடும் கை ஒரு முத்திரைதான்: நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கி உள்ளங்கையை அழுத்தும், சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நீளும், கட்டைவிரல் விரிந்து நிற்கும். அழுத்தாமல் சும்மா வளைந்திருந்தால் வலை வராது. கடைசிப் படியில் முகத்துக்கு வரும்போது பார்க்க வேண்டிய விவரம் ஒன்று: முகமூடியின் வலைக்கோடுகள் எல்லாம் இரு கண்களுக்கு நடுவே ஒரு புள்ளியில் பிறக்க வேண்டும். அந்தப் புள்ளி கொஞ்சம் விலகினாலும் முகமே கோணும். சூப்பர்மேனின் பழைய உடையென்றால் போர்வையின் முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னம் உண்டு. பின்புறப் படம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

எட்டாம் படி: மேற்பரப்பும் வண்ணமும்

இங்கேதான் இன்றைய சிலைகள் மிகவும் தடம் மாறுகின்றன. பச்சை நரம்பு, துணியின் இழை, தையல், தோலின் துளை என்று ஒவ்வொன்றையும் செதுக்குகிறார்கள். கைத்திறன் மலைக்க வைக்கிறது. ஆனால் மூலப்படத்தில் அந்த நரம்பு இருக்கிறதா? பழைய காமிக்ஸில் உடை உடம்பின் மேல் தோலாக ஒட்டியிருக்கும், மடிப்பு மூட்டில் மட்டும் வரும். இல்லாததைச் சேர்ப்பதும் பிழைதான்.

என் ஸ்பைடர்மேனின் வலைக்கோடுகளை நகத்தால் தடவிப் பார்த்தார் மாமா. புடைத்து நின்றன. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு கோட்டின் விளிம்பும் பளிச்சென்றது. 2002 இல் வந்த திரைப்படத்தின் உடையில் கோடுகள் அப்படித்தான் புடைத்து வெள்ளியாக மின்னின. காகிதத்திலோ அவை மெல்லிய கறுப்பு மைக்கோடுகள். அவற்றைச் சிலையில் கொண்டுவர, கோட்டைப் பள்ளமாகக் கீறி, நீர்க்கக் கரைத்த கறுப்பை அதில் ஓடவிட வேண்டும். அப்போதுதான் மை மாதிரி இருக்கும்.

வண்ணத்தைப் பார்க்கும்போது அச்சின் வரலாற்றை மறக்கக் கூடாது. 1962 மே மாத முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கினார்கள். ஆகவே சாம்பல் ஹல்க்கைப் பார்த்துத் தவறு என்று சொல்ல முடியாது. பேட்மேனின் போர்வை கறுப்பா நீலமா என்று சண்டை போடுவோருக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. கறுப்பில் மடிப்பு தெரியாது என்பதால் பளபளப்பை நீலத்தால் காட்டினார்கள், அந்த நீலம் காலப்போக்கில் பரவிப் போர்வை முழுவதையும் பிடித்துக்கொண்டது. இரண்டும் உண்மை. சிலை எந்த ஆண்டைச் சொல்கிறதோ அந்த ஆண்டின் நிறம் வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சள் மின்விளக்கில் வண்ணம் பார்க்காதீர்கள். காலை வெயில் நேரே விழாத ஜன்னலோரம் நல்லது.

ஒன்பதாம் படி: கடைசியில் முகம்

கோயிலில் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில்தான் செய்வார்கள். நானும் இதுவரை சொன்ன படிகளில், தலையை அளந்து முடித்ததும், சிலையின் முகத்தில் ஒரு சிறு துணியைக் கட்டிவிடுகிறேன். கண் இருக்கும் இடத்துக்கே நம் கண் ஓடும். முகம் நன்றாக இருந்தால் கோணல் உடம்பை மன்னித்துவிடுவோம், முகம் பிடிக்காவிட்டால் அருமையான உடம்பைக் கவனிக்கவே மாட்டோம்.

துணியை அவிழ்த்ததும் நான்கே கேள்விகள். பார்வை எங்கே போகிறது? இரு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா? முகமூடிக்குக் கீழே தெரியும் வாயும் தாடையும் ஓவியருடையவையா, நடிகருடையவையா? உடம்பு என்ன செய்கிறதோ அதைத்தான் முகமும் செய்கிறதா? தாவிப் பாயும் உடம்பில் புகைப்படத்துக்கு நிற்கும் முகத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

என் சிலையில் துணியை அவிழ்த்தபோது மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. உடம்பு ரொமிட்டாவுடையது, கண்கள் மெக்ஃபார்லேனுடையவை, வலைக்கோடுகள் திரைப்படத்துடையவை. மூன்று சுலோகத்தில் ஒரு சாமி. எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

முன்பதிவுக்குக் காட்டும் படங்கள் தேர்ந்த ஓவியர் கையால் தீட்டிய முன்மாதிரியுடையவை. நம் கைக்கு வருவது தொழிற்சாலையில் பலர் தீட்டியது. கண்மணி கொஞ்சம் நகர்ந்திருக்கும், நிறம் எல்லை தாண்டி வழிந்திருக்கும். ஆகவே மதிப்பீட்டை எப்போதும் கைக்கு வந்த சிலையின் மேலேயே செய்யுங்கள். போலி வார்ப்பையும் நூல் காட்டிக்கொடுக்கும். அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்க்கும்போது உருவம் சற்றுச் சுருங்கும், நுணுக்கங்கள் மழுங்கும். அசலின் அளவு தெரிந்திருந்தால் சில மில்லிமீட்டரில் பிடித்துவிடலாம்.

கல்தூள் கலந்த பிசினான பாலிஸ்டோன் வளையாது, விழுந்தால் உடையும். நெகிழி வகையான பிவிசி உடையாது. ஆனால் டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் கணுக்கால் இளகி, சிலை மெல்லச் சாயும், மேற்பரப்பும் பிசுபிசுக்கும். சாய்ந்துவிட்டால் நூல் குண்டு சோதனையில் தேறிய சிலைகூட மறு ஆண்டு தேறாது. தமிழ்நாட்டில் எழுதும் குறிப்புகளை அப்படியே பின்பற்றவும் கூடாது: தென் அரைக்கோளத்தில் இருக்கும் நமக்கு வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. வடக்கு ஜன்னலுக்கு எதிரே வைத்தால் முதலில் வெளுப்பது சிவப்புதான்.

என் ஸ்பைடர்மேன் தெற்கு அறையில், கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கிறான். வலது தோள் வாசலைப் பார்க்கிறது. அந்தக் கோணத்தில் கண்ணும் வலைக்கோடும் நிழலில் மறைந்து, ரொமிட்டாவின் தோளும் முதுகும் மட்டும் தெரிகின்றன. தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை அம்மா இரண்டு முறை துடைத்துவிட்டார், மறுபடியும் போட்டிருக்கிறேன்.